கிருஷ்ணகிரி மலைக்கோட்டை: “கட்டியவர்” என்ற இடத்தில் யார் பெயரை எழுதுவது?

பேட்டைத்தெரு (கேள்வி)

வணக்கம். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் 40 பேரைக் கிருஷ்ணகிரி மலைக்கோட்டைக்கு அழைத்துப் போக ஏற்பாடு நடக்கிறது. கையில் கொடுக்க இரண்டு பக்கக் குறிப்பு ஒன்று வேண்டும். முதல் வரியே நகர மாட்டேன் என்கிறது. கட்டியவர் கிருஷ்ணதேவராயர் என்று ஒரு இடத்தில் இருக்கிறது, ஜெகதேவராயர் என்று இன்னொரு இடத்தில். ஊரில் கேட்டால் “திப்பு சுல்தான் கோட்டை” என்கிறார்கள். மூன்றில் எது சரி?

கூடவே சில கேள்விகள். கிருஷ்ணகிரியைச் சுற்றிய பகுதியின் பழைய பெயரான பாராமகால் என்றால் பன்னிரண்டு கோட்டை என்கிறார்களே, அந்தப் பன்னிரண்டு எவை? “யாராலும் பிடிக்க முடியாத கோட்டை” என்று எழுதலாமா? மலை மேல் போனபின் எதைக் காட்டினால் பிள்ளைகளுக்குக் காலம் கண்ணில் படும்? வெறும் இடிந்த சுவர் என்று சொல்லி இறங்கி வந்துவிடக் கூடாது, அதுதான் கவலை. மேலே போகும்போது எதில் கவனமாக இருக்க வேண்டும் என்பதையும் தெரிந்தவர்கள் சொன்னால் நல்லது.


கணவாய்

ஒரே பெயர்தான் எழுத இடம் இருக்கிறது என்றால், யார் பெயரைப் போட்டாலும் பாதி தப்பாகத்தான் இருக்கும். “கட்டியவர்” என்ற தலைப்பையே எடுத்துவிட்டு “கையில் வைத்திருந்தவர்கள்” என்று போடுங்கள், சிக்கல் முக்கால்வாசி தீர்ந்துவிடும்.

கிருஷ்ணதேவராயர் ஆண்டது 1509 முதல் 1529 வரை. அப்போது இந்தப் பகுதி விஜயநகரத்தின் நடு உடம்பு, எல்லை அல்ல. எல்லை ஆனது 1565 தலைக்கோட்டைப் போருக்குப் பிறகுதான். தலைநகரம் ஹம்பியை விட்டுப் பெனுகொண்டாவுக்கு வந்தது. பெனுகொண்டாவை முற்றுகையிலிருந்து காத்ததற்காக ஜெகதேவராயருக்குப் பாராமகாலும் சென்னப்பட்டணமும் கொடுக்கப்பட்டன. இது 16-ம் நூற்றாண்டின் கடைசிப் பகுதி. இங்கே இருக்கும் மலைக்கோட்டைகளைச் சங்கிலி மாதிரி கோத்த பெருமையை ஊர் வழக்கு அவருக்குத்தான் தருகிறது. பர்கூர் பக்கத்து ஜெகதேவி அவர் பெயரைத் தாங்கிய ஊர்.

அந்தக் குடும்பத்தின் கையிலிருந்து சென்னப்பட்டணம் 1630 வாக்கில் மைசூர் உடையாருக்குப் போயிற்று. பாராமகால் பீஜப்பூர் வசமாகி, பிறகு மைசூர் சிக்கதேவராயர், 18-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கடப்பை நவாப், 1760 வாக்கில் ஹைதர் அலி என்று கை மாறிக்கொண்டே வந்தது. 1792-ல் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனி. இருநூறு சொச்சம் ஆண்டில் இத்தனை பேர். ஒவ்வொருவரும் வந்தவுடன் இடிந்ததைக் கட்டினார்கள், தங்கள் ஆயுதத்துக்கு ஏற்ற மாதிரி வாசலையும் மதிலையும் மாற்றினார்கள். பிறகு “கட்டியவர்” என்று யாரைச் சொல்வது?

பிள்ளைகளுக்கு வரலாற்றை விட முதலில் நிலத்தைக் காட்டுங்கள். மலை மேல் நின்று மேற்கே பார்த்தால் ஓசூர்ப் பீடபூமி. அந்த மேட்டு நாடு பாலாகாட். கிழக்கே வாணியம்பாடி, ஆம்பூர் வழியாக வேலூருக்கு இறங்குகிறது, அது பாயின்காட். பாராமகால் இரண்டுக்கும் நடுவில் இருக்கும் படிக்கட்டு. மேலே இருந்து சூளகிரி வழியாகவும் ராயக்கோட்டை வழியாகவும் இறங்குகிற படை, இங்கே வந்துதான் மூன்றாகப் பிரிய வேண்டும்: கிழக்கே ஆம்பூர், தென்கிழக்கே ஊத்தங்கரை, சிங்காரப்பேட்டை, செங்கம், தெற்கே தர்மபுரி, தொப்பூர்க் கணவாய், சேலம். இன்றைக்கும் தேசிய நெடுஞ்சாலை 44-ம் 48-ம் இங்கேதான் சந்திக்கின்றன, செங்கம் பக்கம் 77 பிரிந்து போகிறது. அன்றைக்குக் கோட்டை பார்த்த வேலையை இன்றைக்குச் சுங்கச்சாவடி பார்க்கிறது என்று சொன்னால் பின்பெஞ்சுக்கும் புரியும்.

இன்னொரு விஷயம்: எல்லை ஒரே இடத்தில் நிற்கவில்லை. திப்புவுடன் செய்த 1792 உடன்படிக்கையில் பாராமகால் கம்பெனிக்கு வந்தது, ராயக்கோட்டையும் வந்தது. ஆனால் ஓசூரும் தேன்கனிக்கோட்டையும் திப்புவிடமே இருந்தன. அந்த ஏழு ஆண்டும் ராயக்கோட்டைதான் கம்பெனியின் கடைசிக் காவல் நிலை. 1799-ல் ஜெனரல் ஹாரிஸ் ஸ்ரீரங்கப்பட்டணத்துக்குப் போகுமுன் முகாம் போட்டது அந்த மலையடிவாரத்தில்தான். திப்பு விழுந்த பிறகு இங்கே எல்லையே இல்லாமல் போயிற்று. எல்லை போனால் கோட்டைக்கு என்ன வேலை? இடிந்ததற்கு முதல் காரணம் அதுதான், பீரங்கி இல்லை.


துருகம்வாசி

கணவாய் சொன்னதோடு ஒத்துப்போகிறேன், ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். பன்னிரண்டு கோட்டைப் பட்டியலை அச்சடிக்கும் முன் யோசியுங்கள். பெரும்பாலும் சொல்லப்படுவது இது: கிருஷ்ணகிரி, ஜெகதேவி, வாரணகடம், காவல்கடம், மகராஜகடம் (இன்றைய மகராஜகடை), புஜங்ககடம், கட்டோரகடம், கங்கனகடம், சுதர்சனகடம், தட்டக்கல், திருப்பத்தூர், வாணியம்பாடி. ராயக்கோட்டை இதில் இல்லை என்பதைக் கவனிக்கவும், அது மேட்டு நாட்டின் விளிம்பு. கடைசி இரண்டு பெயரும் இன்றைக்கு இந்த மாவட்டத்திலேயே இல்லை. எழுதுகிறவர்களைப் பொறுத்துப் பட்டியலில் ஒன்றிரண்டு மாறும்.

மாறுவதற்குக் காரணம் “மகால்” என்ற சொல்லே. அரண்மனை என்பது ஒரு பொருள். சுல்தானிய, முகலாய வரிக் கணக்கில் மகால் என்றால் வசூல் பிரிவு. “பன்னிரண்டு அரண்மனை” என்று பிள்ளைகளிடம் சொன்னால் மேலே போய் அரண்மனையைத் தேடுவார்கள், ஏமாந்து போவார்கள். “பன்னிரண்டு காவல் மலையும் அவற்றைச் சுற்றிய வரி நிலமும்” என்று எழுதுவது என் கட்சி. கோட்டை பெரிதா என்பதை விட அதன் கீழ் எத்தனை ஏரி, எவ்வளவு நஞ்சை என்பதுதான் அன்றைய கேள்வி. 1792-ல் கேப்டன் அலெக்சாண்டர் ரீட் இங்கே பொறுப்புக்கு வந்ததும் முதலில் எடுத்த வேலை நிலத்தை அளப்பதுதான். அவருக்கு உதவியாளராக இருந்தவர்களில் ஒருவர் தாமஸ் மன்றோ. விவசாயியிடம் நேரடியாக வரி வாங்கும் ரயத்துவாரி முறை முளைத்த வயல் இந்தப் பாராமகால்.


கல்லுளி

நாலாவது கேள்விக்கு வருகிறேன், கண்ணால் எப்படிக் காலம் பிரிப்பது என்று. சுவரைப் பார்க்குமுன் பாறையைப் பார்க்கச் சொல்லுங்கள்.

மலைக்கோட்டைக்குக் கல் கீழே இருந்து வரவில்லை, மதில் நிற்கும் பாறையிலேயே உடைத்ததுதான். ஏறும் வழியில் பாறை விளிம்பில் வரிசையாக, பல் கடித்த மாதிரி செவ்வகக் குழிகள் தெரியும். உளியால் ஒரே கோட்டில் குழி வெட்டி, ஆப்பு இறக்கி, வரிசையாக மாற்றி மாற்றி அடித்தால் கருங்கல் அந்தக் கோட்டில் பிளக்கும். பிளந்தபின் குழியின் ஒரு பாதி பாறையிலும் மறு பாதி கல்லிலும் நின்றுவிடும். பிறகு மதிலில் அந்தப் பாதிக் குழி உள்ள கல்லைத் தேடச் சொல்லுங்கள். கண்டுபிடித்துவிட்டால் அரை மணி நேரம் பிள்ளைகள் அசைய மாட்டார்கள்.

ஒரு எச்சரிக்கை. நீள வாக்கில் உருண்டையான அரைக்குழாய் மாதிரி தடம் இருந்தால் அது கம்ப்ரஸர் இயந்திரம் போட்ட துளை, நேற்றைய கல்குவாரி வேலை. கிரானைட் ஊரான நம் மாவட்டத்தில் இது ஏராளம். அதைக் காட்டி “ராயர் காலம்” என்று சொல்லிவிடக் கூடாது. குழி ஏதுமில்லாமல் பலகை பலகையாக உரிந்த பாறை இருந்தால், விறகு அடுக்கித் தீமூட்டிச் சூடேற்றிப் பாளமாக எடுத்த முறையாக இருக்கலாம். ஆனால் வெயிலிலேயே இந்தப் பாறை வெங்காயத் தோல் மாதிரி உரியும், ஆகையால் கரித்தடமோ உளித்தடமோ பக்கத்தில் இல்லாமல் அடித்துச் சொல்ல வேண்டாம்.

இனி மதில். கீழ் வரிசைகளில் பெரிய பெரிய கல், காரையே இல்லாமல் ஒன்றன் மேல் ஒன்று. கல்லின் முகம் சிறியதாகவும் வால் உள்ளே நீளமாகவும் இருக்கும், வெளியே தெரிவதை விட உள்ளே போவது அதிகம். இடைவெளியில் சில்லுக் கல் அடித்து இறுக்கியிருப்பார்கள். இந்தக் கட்டு பழைய கை. அதற்கு மேல் சின்னக் கல்லும் சுண்ணாம்புக் காரையும் வந்தால் அது பிற்காலம். அதற்கும் மேலே செங்கல்லில் இடுப்பளவோ ஆளளவோ கைப்பிடிச் சுவர், அதில் துப்பாக்கி ஓட்டை இருந்தால் அது பெரும்பாலும் 18-ம் நூற்றாண்டு வேலை. துப்பாக்கி ஓட்டையை உள்ளிருந்து பார்க்கச் சொல்லுங்கள்: உட்பக்கம் அகலமாகவும் வெளிப்பக்கம் ஒடுக்கமாகவும் இருக்கும். ஒன்று நேராகப் பார்க்கும், பக்கத்தில் இருப்பது கீழ்நோக்கிச் சரிந்து மதிலின் காலடியைப் பார்க்கும். கண்ணை வைத்துப் பார்த்தாலே எதற்கு என்று புரிந்துவிடும்.

மதிலிலிருந்து வெளியே துருத்தி நிற்கும் கொத்தளமும் அப்படித்தான். சதுர மூலையில் பீரங்கிக் குண்டு பட்டால் மூலை பெயர்ந்து வரும், முன்னால் நிற்பவனைப் பக்கத்து மதிலிலிருந்து சுடவும் முடியாது. வட்டமாகக் கட்டினால் குண்டு வழுக்கும். ஆகவே சதுரம் பழசு, வட்டம் புதுசு என்று சொல்லத் தோன்றும். பொதுவாகச் சரி, ஆனால் மலை வளைவுக்காகவே பழைய மதிலையும் வட்டமாகத் திருப்பியிருப்பார்கள். வட்டம் மட்டும் போதாது. மேலே பீரங்கி பின்வாங்க ஐந்தாறு அடி தளம் இருக்கிறதா என்று பாருங்கள், இருந்தால்தான் பீரங்கி மேடை.

வாசலில் நேராக நுழைய முடியாது, உள்ளே போனதும் வலமோ இடமோ திரும்ப வேண்டும். யானையோ, கதவை இடிக்கும் மரத்தடியைத் தூக்கி வருபவர்களோ ஓடி வந்து மோத இடம் கொடுக்காத கட்டு. நிலைக்கல்லில் கதவுக் குடுமி உட்கார்ந்த குழியையும், இரண்டு பக்கச் சுவரிலும் குறுக்குக் கட்டை செருகிய சதுர ஓட்டையையும் காட்டுங்கள். ஒரு பக்க ஓட்டை ஆழமாக இருக்கும். பகலில் கட்டையை அதற்குள் தள்ளி வைப்பார்கள், இரவில் இழுத்து எதிர்ப்பக்க ஓட்டையில் செருகுவார்கள். டேப் வைத்து ஆழத்தை அளந்தால் கதவு எவ்வளவு அகலம் என்பது கணக்காக வந்துவிடும்.

இத்தனைக்கும் ஒரு “ஆனால்” உண்டு. இடிந்த மதிலின் கல்லை எடுத்துத்தான் அடுத்தவன் கட்டினான். பழைய கல் புதிய சுவரில் இருக்கும். ஆகவே கல்லை வைத்துக் காலம் சொல்லாதீர்கள், கட்டும் முறையை வைத்துச் சொல்லுங்கள்.


பேட்டைத்தெரு

ரொம்ப நன்றிங்க. கதவுக் கட்டை ஓட்டை விஷயம் அருமை, டேப் ஐந்தாறு எடுத்துக்கொள்கிறேன். “பிடிக்க முடியாத கோட்டை” பற்றி யாரும் சொல்லவில்லையே? இன்னொன்று, மலையிலிருந்து ராயக்கோட்டைக்குச் சுரங்கப்பாதை இருக்கிறது என்பது பிள்ளைகளின் வீட்டிலேயே சொல்லி அனுப்புகிற கதை. கேட்டால் என்ன பதில் சொல்வது?


சுனைக்கணக்கு

பிடிக்க முடியாத கோட்டை என்று எழுத வேண்டாம். ஏறிப் பிடிக்க முடியாத கோட்டை என்றால் அதில் நியாயம் உண்டு.

1767-ல் முதல் மைசூர்ப் போரின்போது கம்பெனிப் படை மோதிப் பார்த்து ஏற முடியாமல் விட்டது. மூன்றாம் போரில் நடந்தது இன்னும் தெளிவு. 1791 ஜூலையில் மேஜர் கௌடி ராயக்கோட்டையை எடுத்துவிட்டார். அக்டோபர் 31-ல் கர்னல் மாக்ஸ்வெல் பென்னாகரத்தை ஏணி வைத்து ஏறிப் பிடித்தார். அதே கையோடு நவம்பர் 7 இரவு கிருஷ்ணகிரிக்கு வந்தார். மலையடிவார ஊரான பேட்டை விழுந்தது, கீழ்க்கோட்டையும் விழுந்தது. தப்பி மேலே ஓடியவர்களைத் துரத்திக்கொண்டே கம்பெனிச் சிப்பாய்கள் மேல்வாசல் வரை போய்விட்டார்கள். ஆனால் கதவு சாத்தப்பட்டுவிட்டது. ஏணி மேலே வருவதற்குள் மதில் மேலிருந்து பாறாங்கற்களை உருட்டத் தொடங்கினார்கள். ஏணிகள் நொறுங்கின, ஆட்கள் விழுந்தார்கள், இரண்டு மணி நேரம் மோதிப் பார்த்துவிட்டு இறங்கிப் போனார்கள். மலைச்சரிவும் கல்லுமே முக்கிய ஆயுதம். மேலே ஏறும் படிக்கட்டில் நின்று அந்தச் சரிவைத் திரும்பிப் பாருங்கள், ஏன் தோற்றார்கள் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

இப்படிப்பட்ட மலையை விழவைக்க இரண்டே வழி. ஒன்று தண்ணீர் தீரும்வரை சுற்றி உட்காருவது. இன்னொன்று காகிதம். கிருஷ்ணகிரி கடைசியில் கம்பெனிக்குப் போனது 1792 மார்ச் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில், கையெழுத்தால்.

தண்ணீர்க் கணக்கைப் பிள்ளைகளையே போட வையுங்கள். மேலே இருக்கும் சுனையில் ஒன்றை டேப்பால் அளக்கவும். நீளம், அகலம் இரண்டும் மீட்டரில். ஆழம் மட்டும் கரையில் நின்று, கயிற்றில் கல் கட்டி மூன்று நாலு இடத்தில் விட்டுச் சராசரி எடுக்கவும். பாறைச் சுனையின் அடி மேடும் பள்ளமுமாக ஏறி இறங்கும், ஒரே இடத்தில் அளந்தால் கணக்கு பொய்யாகிவிடும். உதாரணத்துக்கு 12 மீட்டர் நீளம், 8 மீட்டர் அகலம், சராசரி 2 மீட்டர் ஆழம் என்று வைத்துக்கொண்டால் 192 கன மீட்டர், அதாவது 1,92,000 லிட்டர். காவல் ஆள் 300 பேர், குடிக்கவும் சமைக்கவும் மட்டும் ஆளுக்கு 5 லிட்டர் என்றால் நாளைக்கு 1,500. 128 நாள் வரும் என்று தோன்றும். ஆனால் கோடை வெயில் நாளைக்கு 6 மில்லிமீட்டர் குடிக்கிறது என்று வைத்தால், 96 சதுர மீட்டர் பரப்புக்குக் கிட்டத்தட்ட 576 லிட்டர் ஆவியாகப் போகும். மொத்தச் செலவு 2,076. அப்போது 92 நாள்தான் ஓடும். வெயில் ஐந்து வாரத்தைத் திருடிவிட்டது. சித்திரையில் முற்றுகை போடுகிறவனுக்கும் ஐப்பசியில் போடுகிறவனுக்கும் உள்ள வித்தியாசம் இதுதான். குதிரை, மாடு இருந்தால் கணக்கு இன்னும் சீக்கிரம் முடியும்.

சுனையின் மேல் விளிம்பில் பாறையைக் கீறி வெட்டிய சின்ன வாய்க்கால்கள் இருக்கின்றனவா என்றும் தேடச் சொல்லுங்கள். மழைநீர் பாறை மேல் ஓடி வீணாகாமல் சுனைக்குத் திருப்புவதற்கு. பக்கத்தில் மேடு, கழிவு, மண் அரிப்பு வந்தால் சுனை தூர்ந்துபோகும். பல கோட்டைச் சுனைகள் பாதிக்கு மேல் வண்டல்.

சுரங்கப்பாதைக்கு ஒரே பதில். ராயக்கோட்டை 30 கிலோமீட்டர் வாக்கில் இருக்கிறது, நடுவில் முழுக்கக் கருங்கல். நாலு ஆப்புக்குழி வெட்டவே ஒருவனுக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று கல்லுளி அண்ணன் சொல்லட்டும், மீதியைப் பிள்ளைகள் பெருக்கிக்கொள்வார்கள். சுரங்கம் என்று காட்டுகிற இருட்டுக் குழி பெரும்பாலும் இரண்டில் ஒன்று. ஈரம் புகாமல் தடித்த சுவர், ஒரே சின்ன வாசல், காற்றுக்கு வளைந்து போகும் துளை என்று தனியாக ஒதுங்கி நின்றால் வெடிமருந்துக் கிடங்கு. வெடித்தால் மற்றதைக் கெடுக்காதபடி ஒதுக்கியிருப்பார்கள். உட்சுவர் வழவழவென்று காரை பூசி, மேலே கொட்டும் வாய் இருந்தால் தானியக் கிடங்கு.


கல்லுளி

இரும்பு உளி வைத்து ஒரு சாண் ஆழக் குழி ஒன்று வெட்டினாலே பாதி நாள் போய்விடும் அண்ணா. 30 கிலோமீட்டருக்கு ஹைதரின் பேரன் காலம் வந்திருக்கும்.


மைப்படி

பாதுகாப்பும் சட்டமும் யாரும் தொடவில்லை, அதைச் சொல்லிவிடுகிறேன்.

கிருஷ்ணகிரிக் கோட்டையும் ராயக்கோட்டையும் இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளவை. நினைவுச்சின்ன எல்லையிலிருந்து 100 மீட்டருக்குள் புதுக் கட்டுமானமே கூடாது, அதற்கப்பால் 200 மீட்டர் அனுமதியோடுதான். சுவரில் பெயர் கீறுவதும் குற்றத்தில் சேரும்: இரண்டு ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். பிள்ளைகள் கையில் சாக்பீஸ், ஆணி, காம்பஸ் பெட்டி வேண்டாம். ட்ரோன் பறக்கவிட முன் அனுமதி வேண்டும். தரையில் காசோ குண்டோ கிடைத்தால் எடுத்துப் பையில் போடக் கூடாது, கிடந்த இடத்திலேயே படம் எடுத்துத் தகவல் சொல்ல வேண்டும். புதையல் சட்டம் 1878-லிருந்தே இருக்கிறது. மலை மேல் தர்கா இருக்கிறது, சையத் பாஷா மலை என்ற பெயர் அதனால்தான். வெள்ளிக்கிழமை, உரூஸ் (தர்கா ஆண்டு விழா) நாட்களைத் தவிருங்கள். செருப்பு, சத்தம் இரண்டையும் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

எழுத்து ஏதாவது பொறித்திருந்தால் அதில் மைதா மாவோ சாக்பீஸோ தேய்க்க வேண்டாம். மாவுக்கு எறும்பும் பூஞ்சையும் வரும். சாக்பீஸில் இன்னொரு கெடுதல்: தேய்க்கிறவன் எதை எழுத்து என்று நினைக்கிறானோ அதுதான் வெள்ளையாகத் தெரியும், பிறகு படத்தைப் பார்க்கிறவர்கள் எல்லோரும் அந்தத் தப்பையே படிப்பார்கள். அதற்குப் பதில் டார்ச்சைச் சுவரோடு ஒட்டினாற்போல், பக்கவாட்டில் கிட்டத்தட்டக் கிடையாக அடியுங்கள். பள்ளத்தில் நிழல் விழுந்து எழுத்து எழும்பும். வலம், இடம், மேல், கீழ் என நான்கு பக்கத்திலிருந்தும் ஒவ்வொரு படம். ஒரே பக்கத்து ஒளியில் கிடைக்கோடுகள் மறைந்துவிடும். படத்தில் அளவுகோல் வைக்க மறக்காதீர்கள், இல்லாவிட்டால் விரல் அளவு எழுத்தா, முழ அளவா என்று யாருக்கும் தெரியாது.

மலையில் நிஜமான ஆபத்து மூன்று. மலைத்தேனீ முதலாவது. பாறையின் அடிவயிற்றில் பாய் மாதிரி கூடு தொங்கும். புகை, வாசனைத் திரவியம், கத்தல், கல்லெறிதல் நான்கும் வேண்டாம். கலைந்துவிட்டால் கையை வீசாமல், துணியால் தலையை மூடிக்கொண்டு கூட்டைவிட்டு விலகி ஓட வேண்டும். சுனைத் தண்ணீருக்குள் குதித்தால் மேலேயே காத்திருக்கும், அது தப்பு யோசனை. இரண்டாவது பாசி படிந்த பாறை. மழை பெய்து இரண்டு நாள் ஆன பிறகும் வடக்கு முகம் வழுக்கும். மூன்றாவது மதில் ஓரம். வெளியே வயிறு தள்ளி நிற்கிற மதிலின் மேல் ஏறவே கூடாது. மதில் இரண்டு முகம், நடுவில் கல்லும் மண்ணும் நிரப்பியது. மேல் காரை போனதும் மழை உள்ளே இறங்கி நடு நிரப்பு கரைந்து கீழே உட்கார்ந்து, முகத்தை வெளியே தள்ளுகிறது. பார்க்கத் திடமாக இருக்கும், ஒரு ஆள் பாரத்தில் சரியும்.

காலை 6 மணிக்கு ஏறத் தொடங்கி 10-க்குள் இறங்கிவிடுங்கள், பாறை அதற்கு மேல் அடுப்பு. ஆளுக்கு 2 லிட்டர் தண்ணீர், கீழிருந்தே. பத்துப் பிள்ளைக்கு ஒரு பெரியவர், வரிசைக்கு முன்னால் ஒருவர், கடைசியில் ஒருவர்.

ஒன்று கேட்காமலே சொல்கிறேன், ஊர்க்காரர்கள் ஆர்வத்தில் செய்கிற காரியம் இது. மதிலில் முளைத்த அரசங்கன்றைப் பிடுங்கக் கூடாது. வேர் கல்லைக் கட்டிப் பிடித்திருக்கும், பிடுங்கினால் கல்லும் கூடவே வரும். அடியோடு வெட்டி, வெட்டுவாயைத் துறை ஆள் மருந்து வைத்துக் கருக வைப்பதே முறை. வெடிப்பில் சிமெண்ட் பூசுவது அதைவிடக் கெடுதல். சிமெண்ட் மூச்சுவிடாது. உள்ளே இறங்கிய ஈரம் வெளியே வர வழியின்றிப் பக்கத்துப் பழைய காரையைத் தூளாக்கும், நாலு மழையில் சிமெண்ட் பொருக்கு தனியே கழன்று தொங்கும். நீற்றிய சுண்ணாம்பை வாரக்கணக்கில் தண்ணீரில் ஊற வைத்து, மணல் சேர்த்து, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீர் விட்டு அரைத்த காரைதான் பழைய சுவருக்கு ஒத்துப்போகும். அதையும் துறைதான் செய்ய வேண்டும், நாம் அல்ல.


துருகம்வாசி

ஒரு சின்ன யோசனை. ஆங்கில ஓவியர் தாமஸ் டேனியலும் அவருடைய சகோதரர் மகன் வில்லியமும் 1792-ல் இந்தப் பக்கம் வந்து ஜெகதேவி, வாரணகடம், ராயக்கோட்டை மலைகளை வரைந்திருக்கிறார்கள். போர் முடிந்த அதே ஆண்டு. பெரிய தாளில் அச்செடுத்து எடுத்துப் போனால், எந்த மதில் அன்றைக்கு நின்றது என்று பிள்ளைகள் ஒப்பிடலாம். ஓவியர்கள் மலையைக் கொஞ்சம் செங்குத்தாக்குவார்கள், அதனால் உயரத்தை நம்ப வேண்டாம். மதில் எந்த விளிம்பில் ஓடுகிறது என்பதை மட்டும் பாருங்கள்.


பேட்டைத்தெரு

எல்லாம் வைத்து முதல் பத்தியை இப்படி மாற்றியிருக்கிறேன், சரிபார்க்கவும்:

“விஜயநகரம் தலைக்கோட்டையில் தோற்ற பிறகு பாராமகால் எல்லை நாடு ஆயிற்று. ஜெகதேவராயர் காலத்தில் இங்குள்ள மலைகள் காவல் மலைகளாயின. பீஜப்பூர், மைசூர், கடப்பை, ஹைதர் என்று பலர் கையில் இருந்தது. ஒவ்வொருவரும் மதிலை மாற்றிக் கட்டினார்கள். 1791 நவம்பர் 7 இரவு கீழ்க்கோட்டை விழுந்தும் மேல்கோட்டை விழவில்லை. 1792-ல் ஆங்கிலேயர் கோட்டையைக் கைப்பற்றினார்கள்.”


சுனைக்கணக்கு

கடைசி வரியில் மட்டும் “கைப்பற்றினார்கள்” என்பதை எடுத்துவிடுங்கள். “1792-ல் உடன்படிக்கையில் பெற்றார்கள்” என்று போடுங்கள். “பெற்றார்கள்” என்பதற்குக் கீழே கோடு போட்டு, ஏன் என்று ஒரு கேள்வியாகவே விட்டுவிடலாம். சுனையை அளந்து முடித்தபின் பதில் எழுதச் சொல்லுங்கள்.


கணவாய்

“ஜெகதேவராயர் காலத்தில்” என்பதற்கு முன் “ஊர் வழக்குப்படி” என்று இரண்டு சொல் சேருங்கள். மற்றது சரி. டேப்பில் மீட்டரும் அடியும் இரண்டும் இருக்கிறதா பார்த்து வாங்குங்கள், கதவு ஓட்டையை ஒரு குழு அடியில் அளந்து இன்னொரு குழு மீட்டரில் எழுதினால் இறங்கி வரும்வரை சண்டைதான்.